கருவண்டும் பம்பல் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும்

கேள்வி: இலண்டனில் வசிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, எங்கள் மொட்டைமாடிக் கொடித்தோடைப் பூவில் இரைந்துகொண்டிருந்த பெரிய கருவண்டைப் பார்த்து, அது அங்கே தன் தோட்டத்துக்கு வரும் பம்பல் தேனீதான் என்றாள். அது சரியா? அத்தேனீக்கும் நம் நாட்டு வண்ணத்துப்பூச்சிக்கும் முக்கிய வேறுபாடு என்ன?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கள் மகள் கண்டது மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் தச்சுத்தேனீ. பம்பல் தேனீக்கள் இலங்கையில் இயற்கையாக வாழ்வதில்லை. அடுத்தமுறை வந்தால் அதன் வயிற்றின் மேற்புறத்தைக் கவனியுங்கள். எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாக மின்னும். பம்பல் தேனீக்கோ அவ்விடமும் அடர்ந்த உரோமத்தால் மூடப்பட்டிருக்கும்.

தங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் அந்த உரோமத்திலிருந்தே தொடங்குகிறது. இலண்டன் தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் 'பாம்பஸ் டெரஸ்ட்ரிஸ்' என்னும் பம்பல் தேனீ, காற்று 10 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்திருக்கும் காலையிலும், இறகுகளை அசைக்காமலே பறப்புத் தசைகளை மட்டும் நடுங்கச் செய்து, தன் மார்புப் பகுதியைச் சுமார் 30 பாகைக்குச் சூடேற்றிக்கொண்டு புறப்படும். அந்தச் சூட்டைக் காப்பதற்கே அத்தனை உரோமம். அதே நடுக்கத்தால் தக்காளிப் பூவைக் கவ்விப் பிடித்து உலுக்கி, மகரந்தத்தை உதிர்க்கவும் அது வல்லது.

இலங்கைக்கே உரிய 'ட்ரொய்டெஸ் டார்சியஸ்' வண்ணத்துப்பூச்சியோ வெப்பத்துக்குப் பெரும்பாலும் வெயிலையே நம்பியிருக்கிறது. விரித்தால் சுமார் 15 சென்ரிமீற்றர் வரும் இறகுகளும், பின்னிறகில் ஒளிரும் பொன்மஞ்சளும் கொண்ட அது, நிதானமாக மிதந்து செல்வதைக் காண்பதே ஒரு பேறு.

பிள்ளை வளர்ப்பிலும் இரண்டும் வெவ்வேறு வழி. தேனீ நிலத்தடிக் கூட்டில் குடும்பமாக வாழ்ந்து, புழுக்களுக்கு மகரந்தமும் தேனும் ஊட்டுகிறது. வண்ணத்துப்பூச்சித் தாயோ இலையை முன்னங்கால்களால் தட்டிச் சுவையறிந்து, ஈஸ்வரமூலி போன்ற கொடிகளில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அக்கொடியின் நஞ்சை உண்டு உடலில் சேர்த்துக்கொள்வதே புழுவுக்குக் காவல். ஆகவே ஈஸ்வரமூலிக் கொடிகளைக் களையென்று வெட்டிவிட்டால், இவ்வினத்துக்குப் போக்கிடம் குறைந்துவிடும்.

தங்கள் மாடிக்கு வரும் கருவண்டை விரட்டவேண்டாம். கொடித்தோடைப் பூவின் மகரந்தப்பைகள் உயரத்தில் கவிந்திருப்பதால், சிறிய தேனீ தேனருந்தினாலும் அவற்றைத் தொடாமலே போய்விடும். பருத்த முதுகுள்ள அந்த வண்டு நுழையும்போதுதான் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குச் செல்கிறது.