பள்ளியில் பகடிவதை நடந்தால் இரு மாணவர்களையும் சேர்த்து உட்கார வைத்து விசாரிக்கலாமா?

கூடாது. பகடிவதை என்பது பலம் கூடியவர் பலம் குறைந்தவரை வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப நோகடிப்பது. அடி உதை மட்டுமல்ல. நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வது, கேன்டீனில் பக்கத்தில் உட்கார விடாதது, வாட்ஸ்அப் குழுவில் ஒதுக்குவது எல்லாமே சேரும். விளையாட்டுப் போட்டி நாளில் கயிறு இழுக்க ஒரு பக்கம் ஐந்து பேர், மறுபக்கம் ஒரே ஆள் நின்றால் அது போட்டியா? அப்படிப்பட்ட இருவரை எதிரெதிரே வைத்துக் கேட்டால், பாதிக்கப்பட்ட பிள்ளை "ஒன்னுமில்ல டீச்சர்" என்றுதான் சொல்லும்.

அதனால் கோலாலம்பூரோ பினாங்கோ, விவரமறிந்த கட்டொழுங்கு ஆசிரியர் முதலில் பாதிக்கப்பட்டவரிடம் தனியே பேசி நாள், இடம், பார்த்தவர்கள் பெயர் ஆகியவற்றை எழுதிக்கொள்வார். அடுத்து பார்த்தவர்கள், கடைசியில்தான் செய்தவர். அன்றே இரு வீட்டுக்கும் தகவல் போக வேண்டும். பிறகு ஆலோசக ஆசிரியர் இருவரையும் தனித்தனியே பார்ப்பார். சுற்றி நின்று சிரித்தவர்களிடமும் பேசியாக வேண்டும், அந்தச் சிரிப்புதான் இதற்குத் தீனி.

காரியம் கெடுவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையை யாரும் விசாரிப்பதில்லை. கழிவறைப் பக்கம், பஸ் நிற்குமிடத்தில் ஆசிரியர் யாரும் நிற்பதில்லை. பள்ளி அசையவில்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். தாலியான் காசே (Talian Kasih) என்ற மலேசிய அரசின் உதவித் தொலைபேசி எண் 15999-ஐயும் அழைக்கலாம்.

திருப்பி அடித்தால் அடங்கிவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள்; அடித்துவிட்டால் பள்ளிப் பதிவில் அது இருவர் சண்டையாகி, உங்கள் பிள்ளை மீதும் நடவடிக்கை வரும்.