ஜெர்மனியில் மேற்படிப்பு முடித்து ஊர் திரும்பியவர் வீட்டு வாழ்க்கைக்கு மறுபடி பழகுவது எப்படி?

வீட்டில் வரும் உரசலில் பாதி, கையில் சொந்த எண்ணும் சொந்தப் பணமும் இல்லாததால் வருவது. ரீசார்ஜ் செய்யாமல் கிடந்த பழைய சிம் பெரும்பாலும் போயிருக்கும். வங்கிக்கும் ஆதாருக்கும் ஓடிபி அதற்குத்தான் போகும். ஆட்டோ காசுக்குக்கூட அப்பாவின் ஜிபே என்றானால், இருபத்தாறு வயதுக்காரரும் பத்தாம் வகுப்புப் பிள்ளையாகிவிடுவார்.

முதல் வாரத்திலேயே புது சிம் வாங்கி, ஆதார் சேவை மையத்தில் எண்ணை மாற்றுங்கள். அதற்கு ஆவணம் கேட்க மாட்டார்கள், விரல் ரேகை போதும். வங்கிக்கு அதன் பிறகு போங்கள். முந்திப் போனால் ஆதார் ஓடிபி செத்துப்போன எண்ணுக்குப் போய் வேலை நின்றுவிடும். கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான கணக்கு) ஆக மாற்றியிருந்தால், இங்கேயே தங்கப்போகிறீர்கள் என்று சொல்லிச் சாதாரணக் கணக்காக்கிவிடுங்கள்.

அடுத்தது கல்விக் கடன். பல வங்கிகளில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இருக்காது. தவணை தொடங்கும் தேதியையும் தொகையையும் கேட்டு வந்து வீட்டில் சொல்லுங்கள். "வேலை என்னாச்சு?" என்று அம்மா தினம் கேட்பதற்கு அடியில் அந்தத் தேதி பற்றிய பயம் இருக்கும். வட்டிக்கு 8 ஆண்டு வரை வருமான வரிக்கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் மட்டும். கடன் அப்பா பெயரில் இருந்து அவரே கட்டினால் கழிவும் அவருக்குத்தான்.

உடம்புக்கு இரண்டு வாரம் கொடுங்கள். கோடையில் நம் காலை 6 மணி ஜெர்மனியில் இரவு 2.30, குக்கர் விசில் எரிச்சலூட்டுவது அதனால்தான். எழுந்ததும் மாடியில் அரை மணி வெயிலில் நின்றால் தூக்கம் சீக்கிரம் சரியாகும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். தள்ளுவண்டிச் சட்னி, கரும்புச் சாறு ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

தனியே சமைத்துப் பழகியவர்கள் வந்ததுமே அடுப்படியைத் திருத்தக் கிளம்பாமல், வாரத்தில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்வது நல்லது. பாத்திரம் கழுவுவதும் அதில் சேர்த்தி. "அங்கெல்லாம்..." என்று பேச்சைத் தொடங்காதீர்கள். பூட்டிய கதவைக் கோபம் என்றே வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். நேர்காணல் இருந்தால் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஜெர்மனியிலிருந்து கிளம்பாதவர்களுக்கு: அப்மெல்டுங் (ஊரைவிட்டுப் போவதாகச் சொல்லி முகவரிப் பதிவை நீக்குவது) செய்தாலும், அங்கே வீட்டுக்கு வீடு வசூலிக்கும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், மாதம் 18.36 யூரோ, தானாக நிற்காது. உங்கள் பெயரில் இருந்தால் அப்மெல்டுங் சான்றின் நகலோடு தனியாக எழுதி நிறுத்த வேண்டும்.