அழுத்தம் ஏற ஏற பிஸ்மத்தில் வெப்பம் கூடுதலாகப் பாய்கிறதா?

கேள்வி: கிண்டியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 1×1×4 மி.மீ. பிஸ்மத் ஒற்றைப்படிகத்தை, 5 மி.மீ. துளையுள்ள பிஸ்டன்-சிலிண்டர் அழுத்தச் செல்லில், அழுத்தத்தைக் கடத்தும் டாஃப்னி 7373 எண்ணெய்க்குள் வைத்து, ஒரு முனையில் ஹீட்டர், பக்கவாட்டில் இரண்டு தெர்மோகப்பிள் என அறை வெப்பநிலையில் அளக்கிறேன். அழுத்தத்தோடு மின்தடையும் ஏறுகிறது, வெப்பக் கடத்தலும் ஏறுகிறது. மின்சாரம் நன்றாகப் பாயும் உலோகத்தில் வெப்பமும் அதே விகிதத்தில் பாயும் என்ற வீடமன்–ஃபிரான்ஸ் விதி இங்கே பொய்க்கிறதா?

பதில்: விதியை விடுங்கள், முதலில் எண்ணெயைக் கவனியுங்கள். பிஸ்மத்தின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 8 வாட். உங்கள் மாதிரியின் அளவுக்கு அது கெல்வினுக்கு 2 மில்லிவாட். எண்ணெயின் கடத்துத்திறன் வெறும் 0.15தான், ஆனால் மாதிரியைச் சுற்றி அதன் பரப்பு 19 ச.மி.மீ. அந்த வழியே 0.7 மில்லிவாட் போய்விடுகிறது. 1 கிகாபாஸ்கலில் இத்தகைய திரவங்களின் கடத்துத்திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிஸ்மத் துளியும் மாறாவிட்டாலும் உங்கள் கணக்கில் 26 சதவீத ஏற்றம் தெரியும். செல் சுவருக்குப் பக்கவாட்டில் கசியும் வெப்பத்தை இதில் சேர்க்கவே இல்லை.

ஆகவே இந்த அமைப்பைக் கைவிட்டு 3ஒமேகா முறைக்கு வாருங்கள்: மாதிரியின் மேல் ஓர் உலோகக் கோட்டை மாறுமின்னோட்டத்தால் சூடாக்கி, அந்த அதிர்வெண்ணின் மும்மடங்கில் எழும் மின்னழுத்தத்தை அளப்பது. 2×2×0.5 மி.மீ. தகட்டின் மேல் 200 நானோமீட்டர் அலுமினா, அதன்மேல் 20 மைக்ரான் அகலத் தங்கக் கோடு, நான்கு முனை இணைப்பு. கோடு மெல்லியது என்பதால் எண்ணெயின் பங்கு சில சதவீதமாகச் சுருங்கிவிடும். அலுமினா ஒரு மாறிலியை மட்டும் கூட்டும். கோட்டின் வெப்பநிலை அலைவை அதிர்வெண்ணின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் வரும் சாய்விலிருந்துதான் கடத்துத்திறன் கிடைக்கிறது; அந்தச் சாய்வை அலுமினா தொடாது. பிளந்த முகத்தில் கோடு வரைந்தால் கிடைப்பது தளத்திசை, அதற்குச் செங்குத்தான முக்கோண அச்சு இரண்டின் கடத்துத்திறன்களின் பெருக்குச் சராசரி என்பதை மறக்கவேண்டாம்.

இந்தத் தடிமனுக்கு மின்னோட்ட அதிர்வெண் 50 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்கவேண்டும். நம் மின்வழங்கலும் 50 ஹெர்ட்ஸ் என்பதுதான் சங்கடம். 117 பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் நாம் அளக்கும் மும்மடங்கு 351, அதாவது மின்வழங்கல் இரைச்சல் வரும் 350க்கு (50இன் ஏழு மடங்கு) ஒட்டி. 57, 73, 137 போன்றவை பாதுகாப்பானவை. தங்கக் கோடுதான் வெப்பமானியும்; அதன் மின்தடையின் வெப்பநிலைக் குணகம் அழுத்தத்தோடு மாறுவதால், ஒவ்வொரு அழுத்தத்திலும் செல்லைச் சில டிகிரி சூடாக்கி, முழுதும் நிலைப்பட்ட பிறகு மறுபடி அளவுதிருத்தம் செய்யுங்கள். அலுப்பான வேலைதான். இதைத் தவிர்த்து எடுத்த தரவை நான் நம்பமாட்டேன்.

இப்போது இயற்பியலுக்கு வருவோம். பிஸ்மத்தில் எலெக்ட்ரான்களின் ஆற்றல் பட்டையும் துளைகளின் (எலெக்ட்ரான் விட்டுச்சென்ற, நேர்மின் சுமப்பியாக நடக்கும் காலியிடங்கள்) ஆற்றல் பட்டையும் மிகச் சிறிதளவே மேற்படிகின்றன. அழுத்தம் அந்த மேற்படிவைக் குறைக்க, மின்சுமப்பிகள் குறைந்து மின்தடை ஏறுகிறது. அவை சுமக்கும் வெப்பமும் குறைகிறது. படிக அதிர்வுகளின் கதை வேறு: அணுப் பிணைப்பு இறுகுவதால் அவை கூடுதல் வெப்பத்தைக் கடத்துகின்றன. எதிரெதிராக இழுக்கும் இந்த இரண்டின் நிகர விளைவையே நீங்கள் அளக்கிறீர்கள். மின்தடையும் வெப்பக் கடத்தலும் சேர்ந்தே ஏறினாலும் விதிக்குப் பங்கமில்லை. அது மின்சுமப்பிகளின் பங்குக்கு மட்டுமே பொருந்தும்.

அறை வெப்பநிலையில் விதியை நேரடியாகப் போட்டால் மின்சுமப்பிகளின் பங்கு மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 6 வாட் என்று வரும். அதை அப்படியே கழித்துவிடாதீர்கள். எலெக்ட்ரானும் துளையும் ஜோடியாகச் சூடான பக்கத்திலிருந்து சுமந்துவந்து குளிர்ந்த பக்கத்தில் சேரும்போது வெளிவிடும் ஆற்றலை விதி கணக்கில் எடுப்பதில்லை. நம்பகமான வழி, செல்லைத் திரவ நைட்ரஜனில் 77 கெல்வினுக்குக் குளிர்வித்து, 1 டெஸ்லா காந்தப்புலம் கொடுப்பது. மின்சுமப்பிகளின் பங்கு ஒடுங்கி, புலத்தைக் கூட்டினாலும் மாறாத மீதி நிற்கும். அதுவே படிக அதிர்வின் பங்கு. பெரிலியம்-செம்பு செல் காந்தத்தன்மை அற்றது என்பது வசதி. குளிரும்போது அழுத்தம் இறங்கும், அந்த வெப்பநிலையிலேயே அதை அளந்துகொள்ளுங்கள். அதிர்வெண் வரம்பையும் புதிதாகக் கணக்கிடுங்கள்.

கம்பிகளைப் பற்றவைக்காதீர்கள்: ஈயப்பற்றில் உள்ள வெள்ளீயம் பிஸ்மத்துடன் 139 டிகிரி செல்சியஸிலேயே உருகும் கலவையாகிவிடும். வெள்ளி எபாக்ஸி போதும். எண்ணெய்க்குப் பதில், ஈரத்தை உறிஞ்சும் மெத்தனால்-எத்தனால் கலவைக்கு மாறுவதாக இருந்தால், ஐப்பசி மழைக்கால ஈரத்தில் பாட்டிலைத் திறந்துவைக்கக் கூடாது. எண்ணெயானாலும் நீர்த்துளி கலந்திருந்தால் 1 கிகாபாஸ்கல் அருகே அது பனிக்கட்டியாகிப் படிகத்தை நெருக்கும். டாஃப்னி 7373 அறை வெப்பநிலையில் 2.2 கிகாபாஸ்கல் வாக்கில் உறைகிறது. 2.55இல் பிஸ்மத்தே வேறு படிக அமைப்புக்கு மாறி நொறுங்கும். ஆகவே 2 கிகாபாஸ்கலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழுத்தத்தை அளக்கும் மாங்கனின் கம்பி அளவியைச் சரிபார்க்க அந்த 2.55 மாற்றம் தேவைப்பட்டால், தனியாக ஒரு துண்டு பிஸ்மத் கம்பியைப் பலிகொடுங்கள்.