கார்டுக்குக் கட்டுவதா, உடம்புக்குச் செலவழிப்பதா?

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு 44 வயது, லாரி ஓட்டுகிறார். அவருடைய மெடிக்கல் கார்டுக்கு (மருத்துவக் காப்புறுதிக்கு) மாதம் 220 வெள்ளி கட்டிவந்தோம், இப்போது 242 என்று கடிதம் வந்திருக்கிறது. கூட 90 வெள்ளி போட்டால் பெரிய கார்டுக்கு மாறலாம் என்கிறார் ஏஜெண்டு. இவரோ "அதான் கார்டு இருக்குல்ல" என்று சொல்லியே ஒரு நாளைக்கு நாலு தே தாரேக் (இனிப்பான பால் தேநீர்) குடிக்கிறார், இதுவரை ரத்தப் பரிசோதனை செய்ததே இல்லை. மாறலாமா, இல்லை கார்டையே நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை உடம்புக்குச் செலவழிக்கலாமா? (வாசகி, செந்தூல்)

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி. பழைய கார்டை நிறுத்தாதீர்கள், ஏனென்றால் நாளைக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) என்று தெரிந்தபிறகு புதுக் கார்டு கேட்டால் அந்த நோயை விலக்கிவிட்டுத்தான் தருவார்கள், சிலருக்குக் கிடைக்காமலே போகும். பெரிய கார்டும் இப்போதைக்கு வேண்டாம். புதுக் கார்டு என்றால் பொதுவாக 30 நாள், ரத்தக்கொதிப்பு, இனிப்புநீர் போன்றவற்றுக்கு 120 நாள் என்று, கார்டு பணம் கட்டாத காத்திருப்புக் காலமும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாதம் 242 கட்டுவது கஷ்டம் என்றால், பில்லில் ஒரு பங்கை நாமே கட்டுகிற, சந்தா குறைவான கார்டு அதே கம்பெனியில் இருக்கிறதா என்று கேளுங்கள், ஆனால் காத்திருப்பு உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

சரி, அந்த 90 வெள்ளிக்கு வருகிறேன். என் அப்பாவிடம் நல்ல கார்டு இருந்தது. இனிப்புநீரைப் பல வருஷம் கவனிக்காமல் விட்டு, கால் விரலை எடுக்க வேண்டியதாயிற்று, பில் முழுவதையும் கார்டே கட்டியது, ஆனாலும் அவர் அதற்குப் பிறகு பழையபடி நடக்கவில்லை. நம் மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர், இந்தியர்களிடம் அதைவிட அதிகம், அதிலும் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இதைச் சொல்லாமல் கார்டை மட்டும் விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

ஆகவே முதல் செலவு பரிசோதனை. ரத்தத்தில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், சிறுநீரகம், ரத்த அழுத்தம், இவ்வளவு போதும், ஆயிரக்கணக்கில் பேக்கேஜ் வேண்டாம். கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். உங்கள் வீட்டுக்கு அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை வருகிறது என்றால், 40 வயது ஆனவர்களுக்குப் பெக்கா பி40 என்கிற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் பரிசோதனை இலவசம். அப்புறம் மேல்கையில் கட்டும் ரத்த அழுத்த மிஷின் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று வந்தால் பயப்படாதீர்கள். 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், அந்த நிலையில் இருந்தவர்கள் வாரம் 150 நிமிடம் நடந்து எடையில் 7 விழுக்காட்டைக் குறைக்க முயன்றபோது, இனிப்புநீர் வருவது 58 விழுக்காடு குறைந்தது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 மட்டுமே. லாரியை விட்டு இறங்கியதும் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள், தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடந்தாலே அந்த 150 நிமிடம் வந்துவிடும். நாலு தே தாரேக்கை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். முதலில் இரண்டை தே ஓ கோசோங்காக (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீராக) மாற்றச் சொல்லுங்கள்.

பரிசோதனை ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், வருமான வரியில் 1,000 வெள்ளி வரை கழிவு கேட்கலாம். போவதற்கு முதல் நாள் இரவு பத்து மணிக்குமேல் தண்ணீர் தவிர அவர் ஒன்றும் சாப்பிடக் கூடாது, ரத்தம் எடுத்து முடியும்வரை காலை தே தாரேக்கும் கிடையாது.