ஊதாத் தேன்சிட்டு: இரண்டு பெயர், ஒரே பறவை

பழைய கையேட்டில் ஒரு அறிவியல் பெயர், செயலியில் வேறு பெயர், இவை இரண்டு பறவைகளா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது இரண்டு பறவை இல்லை. பழைய கையேட்டின் ‘நெக்டாரினியா ஏசியாடிகா’வும் உங்கள் செயலியின் ‘சின்னிரிஸ் ஏசியாடிகஸ்’ஸும் ஒரே ஊதாத் தேன்சிட்டுதான்.

முன்பு தேன்சிட்டுகளில் பெரும்பாலானவற்றை நெக்டாரினியா என்ற ஒரே பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு, அறிவியல் பெயரின் முதல் சொல்) போட்டு வைத்திருந்தார்கள். பிறகு பிரித்துவிட்டார்கள், இப்போது அந்தப் பெயர் சில ஆப்பிரிக்கச் சிட்டுகளுக்கு மட்டும்தான்.

சரி, ‘கா’ ஏன் ‘கஸ்’ ஆனது? எழுத்துப்பிழை இல்லை. பெயரின் இரண்டாம் சொல்லாக வரும் லத்தீன் பெயரடை பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். நெக்டாரினியா பெண்பால், சின்னிரிஸ் ஆண்பால். நம் ‘வந்தாள், வந்தான்’ மாதிரி. இன்னொரு இனமான ஊதாப்பிட்டத் தேன்சிட்டு நெக்டாரினியாவிலிருந்து லெப்டோகோமா என்ற பேரினத்துக்குப் போனது. அதுவும் பெண்பால் என்பதால் அதன் இரண்டாம் சொல்லான ‘சைலோனிகா’ வால் மாறாமல் தப்பித்தது.

அப்புறம், ஊதாத் தேன்சிட்டின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘லேத்தம், 1790’ என்று இருப்பதைக் கேட்டிருந்தீர்கள். 1790-இல் பெயர் வைத்தவர், பறவையியலாளர் லேத்தம், அதை வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்று பொருள். அவர் வைத்த பேரினம் செர்த்தியா. இன்று அது மரமேறிக் குருவிகளின் பேரினம்!

குறிப்பேட்டில் பழைய பெயரை அடிக்காதீர்கள். பக்கத்தில் புதியதை எழுதுங்கள், பழைய பதிவுகளைத் தேட உதவும்.