அட்டைப்பெட்டியில் நம் முகத்தைச் செய்யும்போது மூக்கு ஏன் கோணலாக மடிகிறது?

சுய உருவம் என்றால் நம் முகத்தை நாமே படைப்பது. பென்சிலுக்குப் பதில் இங்கே பழைய அட்டை, பாட்டில் மூடி, நூல். கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் பழக்கடைகளில் கேட்டாலே காலிப் பெட்டி தருவார்கள். பழச்சாறு பட்டது மட்டும் வேண்டாம், எறும்பு விடாது.

சரி, மூக்குக்கு வருவோம். அட்டையின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: இரண்டு தாள்களுக்கு நடுவே இன்னொரு தாள் அலை அலையாக ஓடும். கோரைப்பாயை ஒரு வாக்கில்தான் சுருட்ட வரும், இல்லையா? அதே கதைதான். அலைவரி மூக்குத்தண்டின் நீளவாக்கில் இருக்கும்படி வெட்டினால் அழகாக வளையும். குறுக்கே இருந்தால் நசுங்கி மடியும்.

மேல்தாளை லேசாக நனைத்து உரித்தால் வரிவரியாக உள்தாள் தெரியும். தலைமுடிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. கன்னத்துக்கு இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். நிழல் விழுந்தால்தான் முகம் எடுப்பாக இருக்கும். வண்ணம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் பள்ளிக்கூடக் கைவேலை, கலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் புகழ்பெற்ற ஓவியர் பிகாசோ 1912-இல் அட்டை, நூல், கம்பி வைத்துச் செய்த கித்தார் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.