ஃபிராங்கன்ஸ்டைன்: முகமும் குரலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜேம்ஸ் வேல் இயக்கி 1931இல் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தைச் சிறுவயதில் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவன் நான். பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேரி ஷெல்லியின் மூல நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். உண்மையைச் சொன்னால் பெரிய ஏமாற்றம். உயிர்கொடுக்கும் காட்சியில் இடியும் இல்லை, மின்னலும் இல்லை. ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அதைவிடச் சங்கடம், பூதம் பேசுகிறது. ஓயாமல் பேசுகிறது. ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படிக்கிறது, தத்துவம் விவாதிக்கிறது. சுவர் இடுக்கு வழியே ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பார்த்தே மொழி கற்றுக்கொண்டது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. எனக்கு எங்குமே பயம் வரவில்லை. இதை ஏன் திகில் இலக்கியத்தின் முன்னோடி என்கிறார்கள்? மூலத்தை மிஞ்சிய படம் என்று இதைச் சொல்லலாமா?

பின்குறிப்பு: என்னிடம் இருப்பது 1831ஆம் ஆண்டுப் பதிப்பு. 1818இல் வந்த முதல் பதிப்பு வேறு மாதிரி என்கிறார்கள். எதைப் படிப்பது நல்லது?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள வாசகருக்கு,

பூதம் பேசுகிறது என்பதுதான் உங்கள் முதன்மையான குறை. அந்த நாவலின் திகில் முழுவதும் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பத்தாம் அத்தியாயத்தை ஒருமுறை திரும்பப் புரட்டிப் பாருங்கள். ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றின் மேல் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் தனியாக நிற்கிறான். அவனுடைய தம்பி, சிறுவன் வில்லியம், கொலையாகிவிட்டான். அந்தக் கொலைப்பழி சுமத்தப்பட்டு, ஒரு பாவமும் அறியாத பணிப்பெண் ஜஸ்டீன் தூக்கிலிடப்பட்டுவிட்டாள். அப்போது பனிப் பிளவுகளைத் தாண்டித் தாண்டி, மனிதரால் முடியாத வேகத்தில் ஓர் உருவம் அவனை நோக்கி வருகிறது. அவன் உருவாக்கிய உயிர். என் கண்ணில் படாதே, போய்விடு என்று விக்டர் கத்துகிறான். வந்தவன் என்ன செய்கிறான்? தன் இரண்டு கைகளையும் நீட்டி விக்டரின் கண்களைப் பொத்துகிறான். நீ வெறுக்கும் காட்சியை இதோ விலக்கிவிட்டேன், ஆனாலும் என் பேச்சை உன்னால் கேட்க முடியும், என்மேல் இரக்கம் காட்ட முடியும் என்கிறான்.

விக்டர் அந்தக் கைகளை வேகமாகத் தட்டிவிடுகிறான். ஆனால் கடைசியில் உட்கார்ந்து கேட்கிறான். நாமும் கேட்கிறோம். அடுத்த ஆறு அத்தியாயங்கள், நாவலில் கடைசிவரை பெயரே சூட்டப்படாத அந்தப் பூதத்தின், அந்தப் பெயரற்றவனின் குரல்தான்.

நாவல் முழுக்க மேரி ஷெல்லி இதையே செய்கிறார். பெயரற்றவன் மறைந்திருந்து பார்க்கும் குடும்பத்தின் தலைவரான டி லேசி பார்வையற்ற முதியவர். மற்றவர்கள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து அவன் அவர் முன்னால் போய் உட்கார்கிறான். அவர் அவனை வரவேற்கிறார். உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியாது, ஆனால் உங்கள் சொற்களில் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார். உலகத்தில் அவனிடம் அன்பாகப் பேசிய ஒரே மனிதர் அவர்தான். சில நிமிடங்களில் மகன் ஃபீலிக்ஸ் உள்ளே வருகிறான், பார்க்கிறான், தடியால் அடித்து விரட்டுகிறான். நாவலின் முடிவில் கப்பல் தலைவன் வால்டன் அந்த முகத்தைப் பார்த்ததும் தன்னையறியாமல் கண்களை மூடிக்கொள்கிறான். மறுபடி நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமலேதான் அவன் பேசுவதைக் கேட்கிறான்.

நாவலைப் படிக்கும் நாமெல்லாம் டி லேசியின் இடத்தில் இருக்கிறோம். அச்சில் முகம் தெரியாது, குரல்தான் கேட்கும். திரைப்படம் பார்ப்பவன் ஃபீலிக்ஸ். கதவைத் திறந்ததும் அவன் கண்ணில் படுவது முகம். இரண்டையும் ஒப்பிடும்போது இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லா மாற்றங்களும் விளங்கிவிடும்.

பயமே வரவில்லை என்கிறீர்கள். பதினாறாம் அத்தியாயத்தில் அவன் வில்லியமைக் கொன்றதைத் தன் வாயாலேயே சொல்கிறான். குழந்தைக்கு இன்னும் வெறுப்பு பழகியிருக்காது, இவனைத் தூக்கிப்போய் வளர்த்தால் எனக்கொரு துணை கிடைக்கும் என்ற ஆசையோடுதான் பிடிக்கிறான். சிறுவன் அலறுகிறான், திட்டுகிறான், தன் அப்பா பெயரைச் சொல்லி மிரட்டுகிறான். ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பெயரைக் கேட்டதும் இவன் கழுத்தை நெரிக்கிறான். பிறகு சிறுவனின் கழுத்தில் கிடந்த சிறு ஓவியத்தை எடுத்துப்போய், தூங்கிக்கொண்டிருக்கும் ஜஸ்டீனின் உடையில் வைக்கிறான். நன்றாக யோசித்து, தெரிந்தே செய்கிறான். இதற்கு முந்தைய பக்கங்களில் அவன் தீ, பால், ரொட்டி, விறகு என்று ஒவ்வொரு சொல்லாகக் கற்றதைப் படித்து நெகிழ்ந்திருப்போம். அந்தக் குடும்பம் பட்டினி கிடப்பதை அறிந்ததும் அவர்களுடைய உணவைத் திருடுவதை நிறுத்தி, இரவில் விறகு வெட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனதைப் படித்து மனம் கனிந்திருப்போம். அதே குரல்தான் இப்போது குழந்தையைக் கொன்ற கதையைச் சொல்கிறது. நாம் அவன் பக்கம் சாய்ந்திருக்கும் நேரத்தில் சொல்கிறது. காதைப் பொத்திக்கொள்ள முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை எந்தப் பேய்க்கதையும் இந்த அளவுக்கு என்னைக் கலங்கடித்ததில்லை.

சுவர் இடுக்கு வழியாக மொழி கற்க முடியுமா என்பது நியாயமான கேள்விதான். நடைமுறையில் நடக்காது. மேரி ஷெல்லிக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் பிறந்த குழந்தையை அப்படியே கைவிட்டுவிட்டால் அது யாரிடமிருந்து என்ன கற்கும் என்பதைச் சோதித்துப் பார்ப்பதற்காகத்தான் அவர் அந்த இடுக்கை வைத்தார். ஃபீலிக்ஸின் காதலி ஸாஃபிக்குப் பாடம் நடக்கும்போது இவனும் கூடவே கற்கிறான். பேரரசுகளின் வரலாற்றைக் கேட்கிறான், அமெரிக்கப் பழங்குடிகளின் கதியைக் கேட்டு ஸாஃபியுடன் சேர்ந்து அழுகிறான். மில்டனின் ‘இழந்த சொர்க்க’த்தைப் படித்துவிட்டு, ஆதாமுக்காவது படைத்தவன் துணையிருந்தான், எனக்கு யார் என்று கேட்கிறான். நாவலின் முகப்பில் இருக்கும் மேற்கோளும் மில்டனின் ஆதாம் கடவுளைப் பார்த்துக் கேட்பதுதான்: என்னை மண்ணிலிருந்து மனிதனாக வனையும்படி நானா உன்னைக் கேட்டேன்?

உயிர்கொடுக்கும் காட்சி ஒரு பக்கம்தான், உண்மை. நவம்பர் மாத இரவு, சன்னலில் மழை, அணையப்போகும் மெழுகுவத்தி, மங்கிய மஞ்சள் நிறத்தில் திறக்கும் ஒரு கண். விக்டர் ஓடிப்போய்ப் படுக்கையில் விழுகிறான். கெட்ட கனவிலிருந்து விழித்துப் பார்த்தால் பெயரற்றவன் கட்டிலின் திரையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். வாய் திறந்து ஏதோ குழறுகிறான், முகத்தில் சிரிப்பு போன்ற ஒரு சுளிப்பு, ஒரு கை நீண்டிருக்கிறது. விக்டர் மறுபடியும் ஓடிவிடுகிறான். நீண்ட கையைத் தாக்க வந்த கை என்று விக்டர் நினைக்கிறான். தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் இப்படித்தான் கையை நீட்டும். 1815இல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தை சில நாட்களில் இறந்துபோனது. குளிர்ந்து கிடந்த குழந்தையை நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் அது உயிர்பெற்றதாகக் கனவு கண்டேன் என்று நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த ஆண்டு ஜெனீவா ஏரிக்கரையில் இந்த நாவலைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு.

இனி படத்துக்கு வருகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த முகம் எப்படி அறிமுகமாகிறது என்று கவனியுங்கள். இருண்ட வாசல். உருவம் நமக்கு முதுகைக் காட்டியபடி பின்புறமாக நடந்து வருகிறது. மெல்லத் திரும்புகிறது. உடனே காமிரா வெட்டி வெட்டி நெருங்கி, முகத்தைத் திரை முழுக்கக் கொண்டுவந்துவிடுகிறது. பின்னணி இசை கிடையாது. படத்தின் தொடக்க, முடிவு எழுத்துகளைத் தவிர்த்தால் வேறெங்கும் பின்னணி இசை இல்லை. பெயரற்றவன் கைகளால் மூடப் பார்த்த அதே முகத்தை வேல் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். சினிமாவால் இதைத்தான் செய்ய முடியும், வேல் அதைத் தயங்காமல் செய்தார். ஜாக் பியர்ஸின் ஒப்பனையும், கனத்துத் தொங்கும் அந்த இமைகளும் நாவலில் இல்லாதவை. நாவலில் அவனுக்குப் பளபளக்கும் கருங்கூந்தலும் முத்துப் பற்களும் உண்டு.

அடுத்த காட்சிதான் இந்தப் படத்தின் உச்சம் என்பேன். கூரைச் சன்னலைத் திறக்கிறார்கள். மேலிருந்து வெளிச்சம் விழுகிறது. கார்லாஃப் எழுந்து நின்று இரு கைகளையும் உயர்த்தி வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறார். சன்னல் மூடப்படுகிறது. அவர் கைகளை விரித்து, போன வெளிச்சத்தைத் திருப்பிக் கேட்பவரைப் போல நிற்கிறார். ஒரு சொல் கிடையாது. நாவலில் கட்டிலருகே நீண்ட கையை வேலும் கார்லாஃபும் இங்கே கண்டெடுத்துவிட்டார்கள். மேரி ஷெல்லி ஆறு அத்தியாயங்களில் சொன்னதில் ஒரு பகுதியையாவது அந்த விரல்கள் சொல்லிவிடுகின்றன.

ஆனால் படம் இன்னொன்றையும் செய்தது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நாவலில் இல்லாத ஒரு கூன்முதுகு உதவியாளன் மருத்துவக் கல்லூரிக்குள் புகுந்து நல்ல மூளை இருந்த ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்துவருகிறான். கதையின் ஆணிவேரே அங்கே அறுபடுகிறது. அன்புக்கு ஏங்கிய ஓர் உயிரை உலகம் கொலைகாரனாக மாற்றியது என்பதுதான் மேரி ஷெல்லி எழுதியது. குற்றம் பிறவியிலேயே இருந்தது என்று படம் சொல்லிவிட்டால் விக்டரும் தப்பித்துவிடுகிறான், தடியெடுத்த ஃபீலிக்ஸும் தப்பித்துவிடுகிறான், நாமும் தப்பித்துவிடுகிறோம்.

நல்லவேளையாக, வேலின் காட்சிகளே அந்த மூளைக் கதையை மறுத்துவிடுகின்றன. ஏரிக்கரையில் சிறுமி மரியா அவனுக்குப் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு மிதக்க விடுகிறார்கள். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளையே தூக்கிப் போடுகிறான். மூழ்கியதும் பதறுகிறான். குற்றவாளி மூளையா அது? தணிக்கையின் காரணமாக அவள் தண்ணீரில் விழும் பகுதி வெட்டப்பட்டு, பல பத்தாண்டுகள் படம் அப்படியே ஓடியது. அவன் கை அவளை நோக்கி நீள்வதோடு காட்சி நின்றுவிட்டதால் பார்த்தவர்கள் அதைவிடக் கொடூரமான எதையோ கற்பனை செய்துகொண்டார்கள். 1980களில்தான் அந்தப் பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டது. நீங்கள் சிறுவயதில் பார்த்தது எந்த வடிவம் என்று தெரியவில்லை. வெட்டிய பிரதியாக இருந்தால் முழுப் பிரதியை அவசியம் பாருங்கள்.

நாவலிலும் தண்ணீரில் ஒரு சிறுமி உண்டு. ஆற்றில் விழுந்தவளை இவன் குதித்துக் காப்பாற்றுகிறான். அவளோடு வந்தவன் இவனைத் துப்பாக்கியால் சுடுகிறான். இந்தப் படத்தின் தொடர்ச்சியாக வேல் எடுத்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ 1935இல் வந்தபோது இந்தக் காட்சியையும் பார்வையற்ற முதியவரையும் நாவலிலிருந்து மீட்டுக்கொண்டது. அதில் அவன் பேசவும் கற்கிறான். தனிமை கெட்டது, நண்பன் நல்லது என்கிற அளவுக்குத்தான். அவன் பேசுவதைக் கார்லாஃப் விரும்பவில்லை. ஊமையாகவே இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. உங்கள் கட்சிதான் அவரும்.

அவனை ஊமையாக்கியது சினிமா அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1823இல் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் எழுதிய நாடகம் லண்டனில் மேடையேறியபோதே அவன் பேச்சை இழந்துவிட்டான். அந்த நாடகத்தின் அறிவிப்பில் அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தது. மேரி ஷெல்லி நேரில் போய்ப் பார்த்தார், அந்தக் கோட்டை ரசித்துக் கடிதமும் எழுதினார். 1931 படத்தின் தொடக்க எழுத்துகளில் கார்லாஃபின் பெயருக்குப் பதில் கேள்விக்குறி போட்டது அதன் தொடர்ச்சிதான்.

ஆக, படம் மூலத்தை மிஞ்சியதா? இல்லை. மிஞ்சவில்லை என்பதால் அது சிறிய படமும் இல்லை. நாவலின் கேள்வியில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு மீதிப் பாதியை ஒரு நடிகரின் கைகளில் கொடுத்த படம் அது. அந்தக் கைகளுக்காக நான் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஆனால் படத்தில் நம் இரக்கம் ஓர் அப்பாவியின் மேல் விழுகிறது, அது எளிது. நாவலில் அறிந்தே குழந்தையைக் கொன்றவன் மேல் விழுகிறது. நீங்கள் பயத்தை முகத்தில் தேடியதால் அது உங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். பதினோராம் அத்தியாயத்திலிருந்து பதினாறு வரை மட்டும், முடிந்தால் வாய்விட்டு, இன்னொரு முறை படித்துவிட்டு எழுதுங்கள்.

பதிப்பைப் பற்றி: 1818ஐப் படியுங்கள். 1831இல் மேரி ஷெல்லி நிறைய இடங்களைத் திருத்தினார். விக்டரின் செயல்களுக்குப் பின்னால் விதியின் கை தெரிகிறமாதிரி ஆக்கினார், அதனால் அவன் சுமை சற்று இறங்கிவிடுகிறது. முதல் பதிப்பில் எல்லாம் அவன் தலைமேல்தான். ஆனால் ஜெனீவாவில் கதை பிறந்த விதத்தை மேரியே சொல்லும் முன்னுரை 1831இல்தான் இருக்கிறது என்பதால் உங்கள் பிரதியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கடையில் வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று அட்டையில் போடாமல் விட்டிருந்தால் விக்டர் மணக்கும் எலிசபெத் யார் என்று பாருங்கள். விக்டரின் அத்தை மகள் என்றால் அது 1818. இத்தாலியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்த அனாதைச் சிறுமி என்றால் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதுதான்.

அன்புடன்.